பிரிக்பீல்ட்ஸ் ரசிகருக்கு ஒரு பதில் வேண்டும்

2025 ஜூன் 10 இரவு புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. 2027 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டம் அது. பத்தாண்டுகளுக்கு மேல் வியட்நாமிடம் வெற்றியே காணாமல் தலைகுனிந்து திரும்பிய அணி, அன்று எதிரணியை மூச்சுவிட விடவில்லை. பிரிக்பீல்ட்ஸின் மாமாக் கடைத் திரைகளுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நீண்ட நாளைக்குப் பிறகு வயிறு நிறைந்த இரவு. ஆறிப்போன தே தாரிக்கைக் கூட யாரும் கவனிக்கவில்லை.

மூன்றரை மாதத்தில் அந்த இரவு பறிபோனது.

செப்டம்பர் 26 அன்று உலகக் காற்பந்து அமைப்பான ஃபிஃபா தன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தீர்ப்பை வெளியிட்டது. வெளிநாட்டில் பிறந்து, மலேசிய வம்சாவளி என்ற பெயரில் அணிக்குள் வந்த ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்றது. மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். ஏழு பேருக்கும் ஆளுக்கு 2,000 ஃபிராங்க் அபராதமும் பன்னிரண்டு மாதத் தடையும். வியட்நாமுக்கு எதிரான நான்கு கோல்களில் இரண்டை அடித்த ஜோவோ ஃபிகெய்ரெடோவும் ரொட்ரிகோ ஹோல்காடோவும் அந்த ஏழு பேரில் அடக்கம்.

அக்டோபரில் வந்த விரிவான தீர்ப்பு இன்னும் வலித்தது. இந்த ஆட்டக்காரர்களின் தாத்தாவோ பாட்டியோ மலேசிய மண்ணில் பிறந்ததாகக் காட்டும் சான்றிதழ்கள் ஃபிஃபாவிடம் கொடுக்கப்பட்டிருந்தன. ஃபிஃபா நேரே மூலப் பதிவுகளைத் தேடி எடுத்தது. அவற்றில் இருந்த ஊர்கள் ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் நெதர்லாந்திலும் இருந்தன. நிர்வாகத்தில் நேர்ந்த தொழில்நுட்பத் தவறு என்று சங்கம் விளக்கம் சொல்லி மேல்முறையீடு செய்தது. நவம்பர் 3 அன்று அதுவும் தள்ளுபடியானது. 2026 ஜனவரி இறுதியில் சங்கத்தின் செயற்குழு ஒட்டுமொத்தமாகப் பதவி விலகியது.

பதவி விலகல் வேறு, பதில் வேறு. ரசிகருக்கு வேண்டியது பதில். எந்த மேசையில், யார் கையால், யாருக்குத் தெரிந்து அந்தத் தாள்கள் மாறின? டிக்கெட் வாங்கிப் போய்த் தொண்டை வற்றக் கத்தியவருக்கு இதைக் கேட்கும் உரிமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து வந்தவர் என்பதற்காக ஓர் ஆட்டக்காரரை இந்த ஊர் ஒதுக்கியதில்லை. டியோன் கூல்ஸ் பெல்ஜியத்தில் வளர்ந்தவர், ஆனால் கூச்சிங்கில் பிறந்தவர், தாய் மலேசியர். அவர் அணிக்குள் வந்தபோது ரசிகர்கள் கொண்டாடினார்கள். பிரேசிலிலிருந்து வந்த பாவ்லோ ஜொசுவே கோலாலம்பூர் அணியோடு ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்தவர். 2021 நவம்பர் 30 அன்று மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூரின் ஜேடிடியை 2-0 என்று வீழ்த்தி, 1989க்குப் பிறகு முதன்முறையாகக் கிண்ணத்தைத் தலைநகருக்குக் கொண்டுவந்த அணிக்கு அவர்தான் தலைவர். அப்படி வியர்வை சிந்திய ஒருவர் குடியுரிமை பெற்று நாட்டுக்கு ஆடுவதை யார் குறை சொல்வார்கள்? பக்கத்து நாடான இந்தோனேசியா நெதர்லாந்தில் பிறந்த வம்சாவளி ஆட்டக்காரர்களைத் திரட்டி உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் நான்காம் கட்டம்வரை போனது. அதைப் பார்த்து மலேசியாவுக்கும் ஆசை வந்தது இயல்புதான். உண்மையான வேர் உள்ளவர்களைத் தேடுவதில் தவறே இல்லை. இல்லாத வேரைத் தாளில் வரைந்ததுதான் குற்றம். அதற்கு விலை கொடுப்பது, இத்தனை ஆண்டுகளாக வாய்ப்புக்காகக் காத்திருக்கும் உள்ளூர்ப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளின் கதையைப் பேச வேண்டுமானால் புக்கிட் ஜாலிலிலிருந்தே தொடங்கலாம். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக அந்தப் பெரிய அரங்கம் எழுவதற்கு முன் அங்கே இருந்தது ஒரு ரப்பர் தோட்டம். தமிழ்த் தொழிலாளர்கள் பால்மரம் சீவிய புக்கிட் ஜாலில் தோட்டம். அரங்கத்தைச் சுற்றிச் சாலைகளும் அடுக்குமாடிகளும் வந்த பிறகும், எஞ்சியிருந்த குடும்பங்கள் 2011 வாக்கில் வீடு கட்டிக்கொள்ள நான்கு ஏக்கர் நிலம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தன. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் தேசிய அரங்கத்தில் இன்று தமிழ்ப் பெயரோடு ஓடுகிறவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நிலத்தின் பழைய குடிகளை நினைத்தால் அது நெஞ்சை உறுத்துகிறது.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா ஆடியது. அமெரிக்காவை 3-0 என்று தோற்கடித்தது. அந்தத் தலைமுறையின் தற்காப்பு அரண்களில் ஒருவர் எம். சந்திரன். இரண்டு ஆண்டு கழித்து தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்த அணியின் கோல் காவலர்களில் ஒருவராக இருந்த இளைஞர் ஆர். ஆறுமுகம், பிறகு நாடே ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்த மனிதர். நீண்ட கைகளை விரித்து அவர் பாய்ந்தால் பந்து எந்த மூலைக்குப் போனாலும் அகப்பட்டுவிடும் என்று அந்தக் காலத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1980 ஏப்ரல் 6 மெர்டேக்கா அரங்க ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இப்போது தாத்தாக்கள். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதி ஆட்டம், எதிரே தென்கொரியா. கோலுக்கு ஆறுமுகம், தற்காப்பில் சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும். சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் மலேசியா 2-1 என்று வென்றது. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் மாஸ்கோவுக்குப் போக முடியவில்லை. ஆனாலும் அந்த வெற்றியை யாரும் ரத்து செய்ய முடியாது. 2016இல் வந்த ‘ஓலா போலா’ திரைப்படம் அந்தக் கதையிலிருந்துதான் பிறந்தது. அதில் வரும் கோல் காவலர் முத்துவைப் பார்த்த நம்மவர்கள் ஆறுமுகத்தைத்தான் நினைத்தார்கள். ஆறுமுகம் 1988இல், 35 வயதில், சாலை விபத்தில் போய்விட்டார்.

இவர்களெல்லாம் எங்கிருந்து வந்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் இன்றைய வறட்சிக்கும் விடை கிடைத்துவிடும்.

அன்றைய சிலாங்கூரில் தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது. கோயில், பள்ளி, கள்ளுக்கடை, திடல், இவை இல்லாத தோட்டம் அரிது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பெரியவர்களும் பையன்களும் ஒரே பந்தின் பின்னால் ஓடினார்கள். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் போட்டி நடக்கும். நகரத்தில் ரயில்வே, காவல் துறை, மின்சார வாரியம், வங்கிகள் எனப் பல நிறுவனங்களுக்குச் சொந்த அணிகள் இருந்தன. நன்றாக ஆடுகிற பையனுக்கு அந்த அணியோடு ஒரு வேலையும் கிடைத்தது. காலையில் அலுவலகம், மாலையில் பயிற்சி, மாதக் கடைசியில் நிச்சயமான சம்பளம். காற்பந்தை நம்பிப் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பப் பெற்றோருக்குத் தைரியம் கொடுத்தது அந்தச் சம்பளம்தான்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் ஊர். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள் குவார்ட்டர்ஸ்களில் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் இருந்த வெறும் இடமே பையன்களுக்குத் திடல். ரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் பழைய தண்டவாள நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. பழைய குவார்ட்டர்ஸ் வரிசைகள் இடிந்தன, உயர்ந்த கட்டடங்கள் வந்தன. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு அங்கே அடுக்குமாடியின் பதினைந்தாம் தளத்தில் வசிக்கும் பத்து வயதுப் பையன் பந்தை உதைக்க எங்கே போவான்? ஃபுட்சல் கூடத்துக்குப் போனால் மணிக்கணக்கில் வாடகை. பள்ளித் திடல் இருக்கிறது, பள்ளி முடிந்ததும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களான எழுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரையிலான காலத்தில்தான் தேசிய அணியிலும் தமிழ்ப் பெயர்கள் குறையத் தொடங்கின. இனப் பாகுபாடு ஒன்றே காரணம் என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் குறையும் விவாதிக்க வேண்டியதுதான். ஆனால் கண்ணுக்கு முன்னால் நடந்தது நிலம் போனது. திடல் போனபின் தேர்வாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தேர்ந்தெடுக்க ஆள் எங்கே?

அதற்குமேல் 1994இல் வெடித்த ஆட்ட நிர்ணய ஊழல். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், பலர் தடை செய்யப்பட்டார்கள். கூட்டம் அரங்கத்தை விட்டுப் போனது. அந்தக் காயம் ஆற ஒரு தலைமுறை ஆனது.

ஆற்றியவர்களில் ஒருவர் நம்மவர். கே. ராஜகோபால், சிலாங்கூர் அணியின் முன்னாள் ஆட்டக்காரர், 2009இல் தேசியப் பயிற்றுநரானார். அந்த ஆண்டே லாவோஸில் நடந்த சீ விளையாட்டில் இருபது ஆண்டுகளுக்குப் பின் தங்கம். 2010 டிசம்பரில் தென்கிழக்காசிய அணிகளுக்கான சுசூகி கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்தியது அவர் அணி. ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் கிண்ணம் மலேசியாவுக்கே. டிசம்பர் 31 நாடு முழுவதும் விடுமுறை. அந்த அணியில் எஸ். குணாளனும் கே. குருசாமியும் இருந்தார்கள். முழுக்க முழுக்க உள்ளூரில் ஆடி வளர்ந்த இளைஞர்களை நம்பிய அணி அது. ராஜகோபால் அவர்களில் பலரை இளையோர் அணியிலிருந்தே பார்த்து வளர்த்தவர். குறுக்கு வழி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

சரிவும் அதே வேகத்தில் வந்தது. 2015 செப்டம்பர் 3 அன்று ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10. ஐந்து நாள் கழித்து ஷா ஆலமில் சவுதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டத்தில் ரசிகர்கள் தீச்சுடர்களைத் திடலுக்குள் வீசினார்கள், முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஆட்டம் கைவிடப்பட்டது. குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தில் நெருப்பை எறிவதை எந்தக் கோபமும் நியாயப்படுத்தாது. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று சங்கம் அப்போதே உட்கார்ந்து யோசித்திருந்தால், 2018 மார்ச்சில் உலகத் தரவரிசையில் 178ஆம் இடத்துக்கு நாடு சரிந்திருக்காது.

ரசிகர் கோபத்தைக் காட்ட வேறு வழியும் உண்டு. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்து பேஸ்பால் ரசிகர்கள் 2023 ஜூன் 13 அன்று அதைச் செய்து காட்டினார்கள். அவர்களுடைய ‘ஏஸ்’ அணியை உரிமையாளர் வேறு ஊருக்குக் கொண்டுபோக முடிவு செய்திருந்தார். அணியில் முதலீடு இல்லை, தோல்விமேல் தோல்வி, அரங்கம் காலி. கூட்டமே வராத ஊருக்கு அணி எதற்கு என்ற பேச்சுக்குப் பதிலாக, ரசிகர்கள் ஒரே நாளில் திரண்டு வந்து இருக்கைகளை நிரப்பினார்கள். 27,759 பேர். ‘விற்றுவிடு’ என்று எழுதிய பச்சைச் சட்டைகளோடு உரிமையாளரை நோக்கிக் குரல் கொடுத்தார்கள். அணியும் அன்று வென்றது. இருந்தும் 2024 செப்டம்பரோடு, 57 பருவங்களுக்குப் பிறகு, அந்த அணி ஓக்லண்டை விட்டுப் போய்விட்டது. ரசிகர் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அணியின் கணக்குப் புத்தகம் அவர் கையில் இல்லை.

பெட்டாலிங் ஜெயாக்காரர்களுக்கு அந்த வலி தெரியும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணி 2017இல் மலேசிய பிரிமியர் லீக்கில் ஆடியது. பிறகு பெயர் மாறி, பிஜே சிட்டி என்று 2019இல் சூப்பர் லீக்குக்குள் நுழைந்தது. பயிற்றுநர் பி. மணியம் தலைமையில் கோகிலேஸ்வரன் ராஜ் போன்ற இளைஞர்கள் நாட்டின் உச்ச லீக்கில் வாராவாரம் ஆடினார்கள். கடைசிப் பருவங்களில் வெளிநாட்டு நட்சத்திரங்களை விட்டு உள்நாட்டு ஆட்டக்காரர்களையே நம்பி நின்றது அந்த அணி. கிண்ணம் எதுவும் வெல்லவில்லை. ஆனால் தமிழ்ப் பள்ளியில் படித்த ஒரு பையன், “அங்கே போனால் நமக்கு ஓர் இடம் உண்டு” என்று கைகாட்ட ஓர் அணி இருந்தது. 2022 பருவம் முடிந்ததும் அது லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. செய்தித்தாள்களில் இரண்டு நாள் பேச்சு, அவ்வளவுதான். இந்தப் பத்தாண்டில் நம் சமூகத்தின் விளையாட்டுக்கு நேர்ந்த பெரிய இழப்பு அதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

பிஜே சிட்டியோடு இது நிற்கவும் இல்லை. 2025இல் கெடாவுக்கு உரிமம் மறுக்கப்பட்டது, பேராக் விலகியது, அதே ஆண்டு மலேசியக் கிண்ண இறுதிவரை வந்த ஸ்ரீ பகாங்கும் விலகியது. பல கிளப்புகளில் மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. வீட்டுக் கடன் கட்ட முடியாத ஆட்டக்காரர் எந்த மனத்தோடு பயிற்சிக்குப் போவார்? மறுபக்கம் 2014 முதல் 2024-25 பருவம்வரை தொடர்ந்து பதினொரு முறை லீக் பட்டம் வென்ற ஜேடிடி. பணம் மட்டும் காரணம் இல்லை, அங்கே சம்பளம் தவறுவதில்லை, இளையோர் பயிற்சிக்கு இடம் இருக்கிறது. 2015இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணியும் அதுவே. ஆனால் ஒரே அணி எப்போதும் வெல்லும் லீக்கில் மற்ற ஊர்களின் பையன்கள் எப்படி வளர்வார்கள்?

திறமை இல்லை என்ற வாதம் எடுபடாது. 2024 ஜனவரி 25 அன்று ஆசியக் கிண்ணத்தில் சோன் ஹியுங் மின் ஆடிய தென்கொரியாவை மலேசியா 3-3 என்று தடுத்து நிறுத்தியது. மலேசியாவின் முதல் கோலை அடித்தவர் பினாங்குக்காரரான குள்ள உருவ ஃபைசால் ஹாலிம். இரண்டாவதை அடித்தவர் அரிஃப் அய்மான். இருவரும் இந்த மண்ணில் பந்து பழகியவர்கள். மூன்றாவதை, கூடுதல் நேரத்தின் பதினைந்தாவது நிமிடத்தில் அடித்த ரொமேல் மொராலெஸ் கொலம்பியாவில் பிறந்து இங்கே பல ஆண்டு ஆடிக் குடியுரிமை பெற்றவர். அதே ஃபைசால், மே 5 அன்று கோத்தா டாமான்சாராவில் ஒரு பேரங்காடியில் அமில வீச்சுக்கு ஆளானார். கடும் தீக்காயங்கள், பல அறுவைச் சிகிச்சைகள். அவர் மீண்டும் சிலாங்கூர்ச் சட்டையோடு திடலுக்குள் வந்தபோது எதிரணி ரசிகர்களும் எழுந்து நின்றிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இப்படி ஒருவர் அணியில் இருக்கும்போது தாள்களைத் திருத்தி ஆள் சேர்த்தது அவருக்கும் செய்த அவமரியாதை.

சங்கத்தின் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் விசாரணையின் முழு விவரத்தையும் மக்கள் முன் வைக்க வேண்டும், பெயர் சொல்லி. அடுத்து, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் போடாத கிளப்புக்குப் பருவம் தொடங்குமுன் உரிமம் கொடுப்பதை நிறுத்த வேண்டும், பருவத்தின் நடுவிலும் சரிபார்க்க வேண்டும். கல்வி அமைச்சும் நகராண்மைக் கழகங்களும் மாலை வேளையில் பள்ளித் திடல்களை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். இதற்கு ஒரு காவலாளியும் ஒரு விளக்கும் போதும். மிஃபா போன்ற சமூகச் சங்கங்களும் உச்ச லீக்கில் ஓர் அணி வேண்டும் என்ற கனவுக்கு முன், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வாரந்தோறும் ஆட்டம் நடக்கிறதா என்று பார்க்கட்டும். கிள்ளானிலோ பூச்சோங்கிலோ நல்ல கால் படைத்த பையன் ஒருவன் இருந்தால், அவனைப் பயிற்சிக்கு யார் கொண்டுபோய் விடுவது, பூட்ஸ் கிழிந்தால் யார் வாங்கித் தருவது என்ற இரண்டு கேள்விகளில்தான் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஃபிஃபா விதித்த 350,000 ஃபிராங்க் அபராதம் ஏறத்தாழ 18 லட்சம் ரிங்கிட். மாதம் 3,000 ரிங்கிட் சம்பளத்தில் ஐம்பது இளையோர் பயிற்றுநர்களை ஓராண்டு முழுவதும் வைத்துக்கொள்ளும் தொகை அது. ஐம்பது பேரில் ஒருவரை பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பியிருக்கலாம், ஒருவரை செந்தூலுக்கு, ஒருவரை புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு.